கைப்பையும் கைச்சுமையும்

தில்லி, மும்பை, கொல்கத்தா, அகமதாபாது முதலிய நகரங்களில் வாழும் நம்மவர்க்கு ஊர்ப் பயணம் என்பது நெடுங்காலமாக இரயில் பயணமாகவே இருந்து வந்தது. சாதாரணப் படுக்கை வகுப்பில் ஒருவர் 40 கிலோ வரை கட்டணமின்றிக் கொண்டு செல்லலாம். ஆதலின், பைகளின் எண்ணிக்கையைப் பற்றி எவரும் பெரிதும் கவலை கொண்டதில்லை. இன்றோ தில்லியிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் விமானம் கொண்டு சேர்த்துவிடுகிறது. பயணக் காலம் சுருங்கியது. அதனுடன் கையோடு கொண்டு செல்லத்தக்க சுமையும் சுருங்கியது. இந்நெருக்கடிக்குப் பெண்மணிகள் பலர் கண்ட வழி பெரிய கைப்பை. தோளில் மாட்டிக்கொள்ளும் அழகிய தோற்பை ஒன்றினுள் இரண்டு நாளைய உடுப்புகளையும், மருந்துகளையும், நகைகளையும் அடக்கிக்கொண்டு புறப்படுகின்றனர். இது எந்த அளவுக்குச் செல்லும், எங்கே தடைப்படும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குழப்பத்தின் வேர் இரண்டு சொற்களில் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘ஹாண்ட் பாகேஜ்’ என்பது ஒன்று. ‘ஹாண்ட் பாக்’ என்பது வேறொன்று. தமிழில் இரண்டையும் ‘கைப்பை’ என்றே பலரும் எழுதிவிடுகின்றனர். முன்னதைக் கைச்சுமை என்றும், பின்னதைக் கைப்பை என்றும் பிரித்துக்கொண்டால் விதி எளிதில் விளங்கும். சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம் 2000-ஆம் ஆண்டிலேயே சுற்றறிக்கை வாயிலாக, பயணி ஒருவருக்குக் கைச்சுமை ஒன்று மட்டுமே என்று வரையறுத்தது. குடை, ஊன்றுகோல், மேலங்கி, படிப்பதற்கான நூல் முதலிய சில பொருள்களோடு பெண்களின் கைப்பைக்கும் அவ்வரையறையிலிருந்து விலக்கு அளித்தது. இவ்விதியைக் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்துமாறு 2022-ஆம் ஆண்டு ஜனவரியில் மீண்டும் அறிவுறுத்தப்பட்டது.

விலக்கு அளிக்கப்பட்டது கைப்பைக்குத்தான். ஆனால், இரண்டு சேலைகளும் ஒரு ஜோடிக் காலணியும் கொள்ளும் பையைக் கைப்பை என்று நாம் அழைத்தாலும், விமான நிலையத்து ஊழியர் அவ்வாறு கொள்ள வேண்டும் என்பதில்லை. அவர் கண்ணுக்கு அது கைச்சுமையே. அத்துடன் சக்கரப் பெட்டி ஒன்றும் இருந்தால், அவர் கணக்கில் சுமை இரண்டாகிவிடும்.

பெரிய கைப்பைக்கும் விமானத்துக்கும் உள்ள உறவு சுவையானது. 1980-களின் தொடக்கத்தில், பிரான்சில் வாழ்ந்த ஆங்கிலேய நடிகையும் பாடகியுமான ஜேன் பிர்கின், பாரிசிலிருந்து லண்டன் செல்லும் விமானத்தில் அமர்ந்திருந்தார். அவருடைய பையிலிருந்த பொருள்கள் கீழே சிதறின. அருகில் இருந்தவர் எர்மெஸ் என்னும் புகழ்பெற்ற தோற்பொருள் நிறுவனத்தின் தலைவர் ஜான் லூயி துமா. தமக்கு ஏற்ற பெரிய பை எங்கும் கிடைப்பதில்லை என்று பிர்கின் குறைப்பட்டுக்கொள்ள, அவ்வுரையாடலின் பயனாக 1984-ஆம் ஆண்டில் அவர் பெயராலேயே ஒரு பை வெளிவந்தது. அவருக்கென முதன்முதல் செய்யப்பட்ட பை, 2025-ஆம் ஆண்டு ஜூலையில் பாரிசில் நடந்த ஏலத்தில் 86 இலட்சம் யூரோவுக்கு விலை போயிற்று.

விமானத்திலேயே கருக்கொண்ட அந்தப் பைக்கும் விமான விதியில் சலுகை எதுவும் இல்லை. வாயிலில் நிறுத்தப்பட்டிருக்கும் அளவுச் சட்டம் விலையை அறியாது. கடைத்தெருவில் வாங்கிய மஞ்சள் துணிப்பையும், பாரிசு நகரத்துத் தோற்பையும் அதற்கு ஒன்றே.

இனி, அளவைக் காண்போம். நம் உள்நாட்டு விமானங்களில் சாதாரண வகுப்புப் பயணிக்குக் கைச்சுமை பொதுவாக 7 கிலோ. நீளம் 55, அகலம் 35, கனம் 25 சென்டிமீட்டர் என்பது பரவலாக வழங்கும் அளவு. மூன்றையும் கூட்டினால் 115 வரும். 40 சென்டிமீட்டர் நீளமுள்ள பெரிய பிர்கின் பை இதற்குள் எளிதில் அடங்கும். லூயி வித்தோன் நிறுவனம் 1930-ஆம் ஆண்டில் அறிமுகம் செய்த ‘கீப்பால்’ என்னும் மென்மையான பயணப்பையில் 45, 50, 55, 60 என்ற எண்கள் நீளத்தைக் குறிக்கும். 60 எண்ணுடையது வரம்பை மீறிவிடும். 55 எண்ணுடையது ஒட்டி நிற்கும். ஆனால், நிறைய அடைத்தால் பக்கங்கள் புடைத்துச் சட்டத்துள் இறங்காது. ஆகவே பெரிய கைப்பையை அதுவே தனிக் கைச்சுமையாகக் கொண்டு செல்வதற்குத் தடையில்லை. இன்னொரு பெட்டிக்குத் துணையாகக் கொண்டு செல்லும்போதுதான் இடர் நேரும். சிறிய கைப்பையை 3 கிலோ வரை தனியே அனுமதிக்கும் நிறுவனமும் உண்டு. பயணச் சீட்டில் உள்ள விதியைப் படித்துத் தெளிவது நலம்.

எடையையும் மறத்தல் கூடாது. தடித்த தோலும் பித்தளைப் பூட்டும் கொண்ட பெரிய பை, வெறுமையாய் இருக்கும்போதே ஒன்றரை, இரண்டு கிலோ நிற்பதுண்டு. 7 கிலோவில் அது போக எஞ்சுவதே நமக்குரியது. துணியாலோ மெல்லிய தோலாலோ ஆன பை இவ்வகையில் சிறந்தது.

அடுத்து, பையை எங்கே வைப்பது என்னும் வினா எழுகிறது. விமானம் எழும்பும்போதும் இறங்கும்போதும் அது மடியில் இருத்தலாகாது. முன் இருக்கையின் அடியிலோ, தலைக்கு மேலுள்ள பேழையிலோ வைக்க வேண்டும். முதல் வரிசையிலும் அவசர வழியை ஒட்டிய வரிசையிலும் காலடியில் வைக்க இடமில்லை. மேலேதான் வைக்க வேண்டும். விலையுயர்ந்த பைகள் பலவற்றுக்கு வாயை முழுதும் மூடும் ஜிப் கிடையாது. ஒரு கொக்கியோ மடிப்போ மட்டுமே உண்டு. அத்தகைய பை மேலே சாய்ந்து கிடந்தால் உள்ளிருப்பவை நழுவிவிடும். சேலம் முதலிய சிறு நிலையங்களுக்குப் பறக்கும் ஏ.டி.ஆர். 72 வகை விமானங்களில் அப்பேழையும் சிறியது.

எல்லாவற்றிலும் கவலைக்குரியது இனிமேற்சொல்வது. விமானம் நிரம்பிவிட்டால், ஏறும் வாயிலிலேயே பையை வாங்கிக்கொண்டு கீழ்த்தளத்தில் ஏற்றிவிடுவதுண்டு. தங்கையின் திருமணத்துக்குச் செல்லும் ஒரு பெண்மணியை எண்ணிப் பாருங்கள். அவர் பையில் சீர் நகைகள் இருக்கின்றன. தாயாருக்கு வேண்டிய மருந்தும் இருக்கிறது. பைக்கு ஜிப் இல்லை. பின்னால் வரிசை நிற்க, அரை நிமிடத்தில் அவர் எதனை எடுப்பார், எதனை விடுப்பார்? பையின் மேல் விழும் கீறல் ஒரு பொருட்டன்று. உள்ளே உள்ளவற்றுக்கு ஈடு ஏது?

இதற்கு எளிய காப்பு ஒன்றுண்டு. பெரிய பையினுள் ஜிப் வைத்த சிறு பை ஒன்றைத் தனியே வையுங்கள். நகை, மருந்து, அடையாள அட்டை, பணம், சாவி ஆகியவை அதனுள் இருக்கட்டும். கைபேசிக்கு மின்னூட்டும் பவர் பாங்கும் அதிலேயே இருக்கட்டும். அதனைக் கீழ்த்தளத்தில் ஏற்ற விதியும் இடம் தராது. பெரிய பையைக் கேட்டால், சிறு பையை எடுத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிடலாம். புறப்படுமுன் வீட்டிலேயே பையை நிரப்பி, கைப்பிடி உட்பட நாடாவால் அளந்து, தராசில் நிறுத்துப் பார்ப்பதும் நன்று.

பெரிய கைப்பை நல்ல பயணத்துணையே. அதனைக் கைச்சுமை என்று எண்ணி அளந்து, அவ்வொன்றோடு செல்வோர்க்கு வாயிலில் வாதம் இல்லை. வீடு சேரும் வரை நெஞ்சில் அச்சமும் இல்லை.