கூரையும் கணக்கும் – 14: கெடு நாளுக்கு முன் ஒரு குழி

அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஓராண்டில் வழங்கப்படும் வீட்டு அனுமதிகளில் பாதிக்கு மேல் தெற்குப் பிராந்தியத்துக்கே போய்ச் சேருகின்றன என்பதோடு சென்ற வாரம் நிறுத்தினோம். இந்த வாரம் ஹூஸ்டன் நகருக்குப் போவதாகவும் சொல்லியிருந்தேன். நாட்டை நான்காகப் பிரித்த கதையையும், அனுமதி, தொடக்கம், நிறைவு என்ற மூன்று கணக்குகளின் வேற்றுமையையும் மறுபடி எழுத இடமில்லை. தவறவிட்டவர்கள் பழைய இதழ்களைத் தேடிக்கொள்வார்களாக.

தெற்கே புறப்படும் முன் வடகிழக்கைப் பற்றி இரண்டொரு வாக்கியம் எழுதிக் கணக்கைத் தீர்த்துவிடலாம் என்பதே என் உத்தேசம். மெய்ன் முதல் பென்ஸில்வேனியா வரை ஒன்பதே மாநிலங்கள். நாட்டின் மொத்த அனுமதிகளில் அண்மைக் காலத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டுவதே அரிதாகிவிட்ட ஒடுங்கிய பிராந்தியம். குளிர்காலத்தில் உறையும் மண் உப்பியெழுந்து, மேலோட்டமாகப் போட்ட அஸ்திவாரத்தை அசைத்துவிடும் என்பதால், உறையும் ஆழத்துக்கும் கீழே கடைக்காலை இறக்கியாக வேண்டிய செலவு. பல தலைமுறைகள் குடியிருந்து நிரப்பிவிட்ட நிலம். அக்கம்பக்கத்தார் ஆட்சேபித்தால் ஓர் அடுக்ககத்தை வருஷக்கணக்கில் ஒத்திப்போடக்கூடிய ஊர்ச் சபைகள். இவ்வளவு போதும் என்றுதான் எண்ணினேன். ஆனால் பழைய மாத அறிக்கைகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது 2008-ஆம் ஆண்டு ஜூன் மாதத்து அறிக்கை கண்ணில் பட்டது. பட்ட பிறகு தெற்கே ஓர் அடி எடுத்து வைக்கவும் மனம் வரவில்லை.

அந்த ஜூன் எத்தகைய காலத்தில் வந்த ஜூன் என்பதை முதலில் நினைவுகூர வேண்டும். 2005-ஆம் ஆண்டில் 20 லட்சத்து 68 ஆயிரம் புது வீடுகளுக்கு வேலை தொடங்கிய அந்த நாட்டில், 2009-இல் தொடங்கியவை 5 லட்சத்து 54 ஆயிரம்தான். நாலில் ஒரு பங்குக்குச் சற்றே மேல் என்னும் அளவுக்கு நேர்ந்த அந்தச் சரிவின் நட்டநடுவே நிற்பது 2008. கடன் வாங்கியவர்கள் தவணை கட்ட முடியாமல் வீட்டை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தார்கள். கடன் கொடுத்த கலிபோர்னியாவின் இண்டிமேக் வங்கி ஜூலை 11-ஆம் தேதி மூழ்கிற்று. லேமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கி மூழ்குவதற்கு இன்னும் இரண்டே மாதங்கள் இருந்தன. இந்த நிலையில், ஜூலை நடுவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை வெளியிட்ட மாத அறிக்கை, ஜூன் மாதத்தில் வீட்டுத் தொடக்கங்கள் முந்திய மாதத்தைவிட 9.1 சதவீதம் உயர்ந்திருப்பதாகத் தெரிவித்தது.

மரண வீட்டில் நாதஸ்வரம் கேட்டால் யாருக்கும் திடுக்கிடத்தானே செய்யும்? அறிக்கையைப் பிராந்தியம் பிராந்தியமாகப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு விஷயம் விளங்கிற்று. ஒரே குடும்பம் குடியிருக்கும் தனி வீடுகளின் தொடக்கங்கள் குறைந்து, 1991-ஆம் ஆண்டு ஜனவரிக்குப் பின் காணாத தாழ்வை எட்டியிருந்தன. உயர்ந்தவை அடுக்ககங்கள்; அந்த உயர்வின் இருப்பிடம் வடகிழக்கு; அங்கே தொடக்கங்கள் ஒரே மாதத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தன. வடகிழக்கை ஒதுக்கிவிட்டுக் கூட்டினால் நாட்டின் மொத்தக் கணக்கு ஏறவில்லை, இறங்கியே இருந்தது. காரணத்தையும் துறையினர் மறைக்கவில்லை: நியூயார்க் நகரில் ஜூலை முதல் தேதி புதிய கட்டட விதிகள் அமலுக்கு வர இருந்தன.

அந்நகரம் அதுவரை 1968-ஆம் ஆண்டின் விதித்தொகுப்பைக் கொண்டே காலம் தள்ளிக்கொண்டிருந்தது. அதற்குப் பதிலாக, தீத்தடுப்பு முதலிய விஷயங்களில் கூடுதல் நிபந்தனைகளை விதிக்கும் ஒரு புதுத் தொகுப்பு 2007-இல் நிறைவேறி, ஓராண்டு அவகாசத்துக்குப் பின் நடைமுறைக்கு வரும் என்று நாள் குறிக்கப்பட்டது. போதாக்குறைக்கு, அடுக்ககம் கட்டுவோருக்கு நகரம் அளித்துவந்த சொத்து வரிச் சலுகையின் நிபந்தனைகளும் அதே தேதியிலிருந்து இறுக்கமாயின. கெடுவுக்கு முன் அனுமதி பெற்றுவிட்டால் பழைய விதி. வேலையையும் தொடங்கிவிட்டால் பழைய சலுகை. வங்கிகள் விழுந்துகொண்டிருக்கும்போதே, வாங்க ஆள் கிடைப்பாரா என்ற விசாரத்தை ஒத்திவைத்துவிட்டு, நகரத்தின் கட்டட முதலாளிகள் வரைபடங்களோடு வரிசையில் நின்றதற்குக் காரணம் இதுதான்.

இங்கே கணக்கெடுப்பாரின் ஓர் இலக்கணம் வந்து கைகொடுத்தது. ஒரு வீடு தொடங்கிவிட்டது என்று எப்போது பதிவு செய்வது? சுவர் எழும்போதா, கூரை போடும்போதா? இரண்டும் இல்லை, அஸ்திவாரத்துக்காக வானம் தோண்ட ஆரம்பித்த கணமே அது தொடக்கம். அடுக்ககமானால் அதிலுள்ள குடியிருப்புகள் அத்தனையும் அன்றைக்கே தொடங்கியவையாகப் பதிவாகிவிடும். ஆகவே, இருநூறு குடும்பங்கள் குடியேற உத்தேசித்திருக்கும் ஒரு கட்டடத்துக்கு இயந்திரம் மண்ணில் முதல் வாய் வைக்கிறபோதே, தேசத்தின் கணக்கில் இருநூறு வீடுகள் ஏறிவிடுகின்றன. பிழையான இலக்கணம் என்று இதை நான் சொல்ல மாட்டேன். எங்கேயாவது ஒரு கோடு போட்டுத்தானே ஆக வேண்டும்? ஆனால் சட்டம் கேட்பதும் குழிதான், புள்ளிவிவரம் எண்ணுவதும் குழிதான் என்று ஆகிவிட்ட ஊரில், கெடு நாளுக்கு முந்திய வாரங்களில் குழிகள் பெருகுவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

நம்மவர்களுக்கு இந்த மனோபாவத்தை விளக்க வேண்டியதே இல்லை. மார்கழி பிறந்துவிட்டால் மனை முகூர்த்தம் கூடாது என்பதற்காக, கார்த்திகையின் கடைசி முகூர்த்த நாளன்று எங்கள் பக்கத்து மேஸ்திரி ஒருவர் படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன். விடியற்காலையில் ஓரிடத்தில் ஈசானிய மூலையில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி. அதில் மஞ்சள் குங்குமம் பூசிய செங்கல். புரோகிதர் தட்சிணை வாங்கிக்கொண்டு அடுத்த மனைக்கு விரைவார். மேஸ்திரி மண்வெட்டியைச் சைக்கிளில் செருகிக்கொண்டு அவருக்குப் பின்னால். சிமெண்டுக்குப் பணமும் மணலுக்கு வழியும் தை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். நம் ஊரிலே அந்த ஒரு நாள் குழிகளை எண்ணிக்கொண்டு போகும் கணக்கப்பிள்ளை எவரேனும் இருந்தால், கார்த்திகையில் தேசமே வீடு கட்டக் கிளம்பிவிட்டது என்றும், மார்கழியில் சுபிட்சம் குலைந்துவிட்டது என்றும் அறிக்கை எழுதுவார்.

நியூயார்க்கின் கதை 2008-இல் தொடங்கியதும் அன்று, அதோடு முடிந்ததும் அன்று. நாட்டிலேயே முதன்முதலாக நகரம் முழுமைக்கும் நில உபயோகத்தையும் கட்டட வடிவத்தையும் வகுத்த மண்டலச் சட்டத்தை 1916-இல் இயற்றிய ஊர் அது. கீழ்மன்ஹாட்டனில் 1915-இல் எழுந்த ஈக்விடபிள் கட்டடம் தெருவின் ஓரத்திலிருந்தே செங்குத்தாக உயர்ந்து, சுற்றியிருந்தவர்களின் வெயிலையெல்லாம் விழுங்கிக்கொண்டதும் அச்சட்டத்துக்கு ஒரு தூண்டுதல். ஆனால் உயரத்தில் பின்வாங்கிக் கட்டச் சொன்ன அந்தச் சட்டம், மொத்தத்தில் எவ்வளவு கட்டலாம் என்பதில் விசித்திரமான தாராளம் காட்டியது. அது அனுமதித்த அளவுக்கு நகரத்தை நிரப்பினால் ஐந்தரைக் கோடி ஜனங்கள் அங்கே வசிக்கலாம் என்று பிற்காலத்துத் திட்டக்காரர்கள் கணக்கிட்டார்கள். நகரத்தில் அப்போது இருந்தவர்கள் எண்பது லட்சத்துக்கும் குறைவு. அந்த ஐந்தரைக் கோடியைச் சுமார் 1 கோடியே 20 லட்சமாகச் சுருக்கிய புதிய சட்டம் 1960-ஆம் ஆண்டு டிசம்பரில் நிறைவேறி, 1961-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் தேதி அமலுக்கு வந்தது. இடையில் ஓராண்டு. அந்த ஓராண்டில் பழைய தாராளத்தின் கீழ் அனுமதி வாங்கிக் குவித்தவர்களின் கட்டடங்கள் 1960-களின் நடுப்பகுதி வரை எழுந்துகொண்டே இருந்தன. அடர்த்தியைக் குறைக்க வந்த சட்டம், முதற்பலனாக அடர்த்தியைக் கூட்டிவிட்டுப் போயிற்று. இதைப் படித்தது முதல் எனக்கு வேறு நினைவே இல்லை; வீட்டில் உப்புக்கும் புளிக்கும் இடையே இதைச் சொல்லி வசவு வாங்கிக்கொண்டேன் என்பது வேறு விஷயம்.

மேலே குறித்த சொத்து வரிச் சலுகையின் சரித்திரமும் இதே ரீதியில்தான் போகிறது. 421-ஏ என்ற அதன் பெயர் சட்டப் பிரிவின் எண்ணைத் தவிர வேறில்லை. ஜனங்கள் நகரத்தைவிட்டு ஓடிக்கொண்டிருந்த 1971-இல், யாராவது வந்து கட்டினால் போதும் என்ற தவிப்பில் பிறந்தது அது. ஜனங்கள் திரும்பி வந்து வாடகை வானத்தைத் தொட்ட பிறகும் சில நிபந்தனைகளோடு உயிர்வாழ்ந்தது. 2015-ஆம் ஆண்டு ஜூன் நடுவில் அது காலாவதியாகும் என்ற நிலை வந்தபோது, மறுபடியும் வரிசை, மறுபடியும் ஜூன். அந்த மாதத்தில் நாட்டின் மொத்த அனுமதிகள், ஆண்டு முழுவதும் அதே வேகத்தில் போனால் 13 லட்சத்தைத் தாண்டும் என்னும் விகிதத்துக்கு ஏறின. 2007-க்குப் பின் அத்தகைய உச்சம் இல்லை. ஜூலையிலோ தேசத்தின் கணக்கு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு சரிந்தது. வடகிழக்கின் கணக்கு பாதிக்கு மேல் சரிந்தது. மாநிலச் சட்டசபை கடைசி நேரத்தில் சலுகையை நீட்டித்து, கட்டுவோரும் தொழிற்சங்கத்தாரும் கூலி பற்றி உடன்பட்டால்தான் அது தொடரும் என்று நிபந்தனை விதிக்க, உடன்பாடு ஏற்படாமல் 2016 ஜனவரியில் சலுகை அணைந்தது. 2015-இல் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட குடியிருப்புகளுக்கு அனுமதி அளித்த நகரம், 2016-இல் அளித்தது அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 2017-இல் வேறு பெயரில் உயிர்பெற்ற சலுகை 2022 ஜூன் நடுவில் மீண்டும் கெடுவை எட்டியபோது, அஸ்திவாரம் தொடங்கியிருக்க வேண்டும் என்பதே தகுதி என்பதால், நகரமெங்கும் வானம் தோண்டும் சப்தம் கேட்டது என்று நான் எழுதத்தான் வேண்டுமா?

தெற்கின் வரைகோட்டில் இத்தகைய சிகரங்களும் பள்ளங்களும் ஏன் தென்படுவதில்லை என்ற கேள்வி இங்கே எழுவது இயல்பு. நாடு முழுவதும் கட்டட அனுமதி வழங்கும் உள்ளூர் அமைப்புகள் சுமார் இருபதாயிரம். தெற்குப் பிராந்தியத்தில் பதினாறு மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் அடக்கம். அங்கே அனுமதிகளில் பெரும்பகுதி தனி வீடுகளுக்கானவை. டெக்ஸஸ், புளோரிடா, கரோலினாக்கள் என்று ஆயிரக்கணக்கான ஊர்களில் சிதறிக் கிடப்பவை. ஓர் ஊரின் சட்டம் மாறினால் அந்த ஊரின் கணக்குத்தான் துள்ளும், பிராந்தியம் அசையாது. அங்கே கோட்டை அசைப்பவை வட்டி விகிதமும், வேலை தேடி வரும் குடும்பங்களும், அடுத்த வயலை மனையாக்கும் வசதியும். வடகிழக்கிலோ மொத்தமே சிறிது. அதில் ஒரு நகரமோ மிகப் பெரிது. அந்நகரம் கட்டுவதோ அடுக்ககம். அல்பானியில் கூடும் நியூயார்க் மாநிலச் சட்டசபை ஒரு தேதியை மாற்றி எழுதினால், ஒன்பது மாநிலங்களின் வரைகோடு எழுந்து ஆடுகிறது. வடகிழக்கின் கோட்டைப் பார்த்து மக்களின் வீட்டு ஆசை பெருகிற்று, குன்றிற்று என்று பேசுபவர் பல சமயங்களில் சட்டப் புத்தகத்தின் பக்கங்களைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறார்.

இது வெறும் சுவாரஸ்யத்தோடு நிற்கும் சங்கதி அன்று. வருங்காலப் பொருளாதார நிலைமையை முன்கூட்டி உணர்த்துவதாக அந்நாட்டில் கொண்டாடப்படும் சுட்டெண்ணின் பத்து அங்கங்களுள் கட்டட அனுமதியும் ஒன்று. வீடு கட்ட அனுமதி வாங்கியவன் மரம் வாங்குவான், ஆள் வைப்பான், அடுப்பும் அலமாரியும் வாங்குவான் என்பது அதன் தர்க்கம். பொதுவாகப் பலிக்கும் தர்க்கம்தான். ஆனால் 2008-ஆம் ஆண்டு ஜூனில் பதிவான குழிகளுக்கு என்ன கதி நேர்ந்தது? கடன் வற்றியபோது வேலை நின்றது. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு நகரத்தின் கட்டடத் துறை, நின்றுபோன மனைகளுக்கென்றே தனிப் பட்டியல் வைத்துக்கொண்டு, நூற்றுக்கணக்கான இடங்களில் வேலி சரியாக இருக்கிறதா, பக்கத்து வீட்டுச் சுவர் குழிக்குள் சாயாமல் இருக்கிறதா என்று மேற்பார்வை பார்க்க வேண்டியதாயிற்று. அந்தக் குழிகளில் பல பின்னர் வீடுகளாயின என்பது உண்மை. ஆனால் முன்னறிவிப்பு என்ற வகையில் அவை அறிவித்தது சுபிட்சத்தை அன்று, ஒரு தேதியை.

ஆதலால், மாதாந்தர அறிக்கையைக் கையில் எடுக்கும் அன்பர்களுக்கு நான் சிபாரிசு செய்யும் முறை இது. முதலில் மொத்தத்தைப் பார்க்காதீர்கள், பிராந்தியத்தைப் பாருங்கள். பிராந்தியம் துள்ளினால், துள்ளியது தனி வீடா அடுக்ககமா என்று பாருங்கள். அடுக்ககமானால், அந்தப் பக்கத்துப் பெரிய நகரத்தில் எந்தச் சட்டம் எப்போது காலாவதியாகிறது என்று விசாரியுங்கள். அதற்குப் பிறகும் மிஞ்சி நிற்கும் உயர்வே உயர்வு. அடுத்த மாதத்துக்குள் அது இறங்கிவிடாவிட்டால் நம்பத் தொடங்கலாம். அறிக்கையை வெளியிடுகிறவர்களே, ஒரு மாதத்து ஏற்ற இறக்கத்தைப் போக்கு என்று கொள்ளாதீர்கள் என்ற பொருள்பட எச்சரித்துத்தான் அச்சிடுகிறார்கள்.

ஹூஸ்டன் இந்த வாரமும் தப்பித்துக்கொண்டது. ஒதுக்கிய பக்கங்களை வடகிழக்கே விழுங்கிவிட்டது என்று ஆசிரியர் அலுத்துக்கொள்வது கேட்கிறது. நாட்டின் மிகச் சிறிய கட்டடப் பிராந்தியத்துக்கு இவ்வளவு இடமா என்றால், தொந்தரவு தருவதில் அதுவே மிகப் பெரியது என்பது என் சமாதானம். மண்டலச் சட்டம் வேண்டுமா என்று 1948, 1962, 1993 ஆகிய மூன்று ஆண்டுகளில் வாக்கெடுத்து, மூன்று முறையும் வேண்டாம் என்று தீர்ப்பளித்த நகரம் ஹூஸ்டன். சட்டத்தை மறுத்த அந்த ஊரில், மனைப் பத்திரங்களுக்குள்ளேயே அண்டை வீட்டார் எழுதிவைத்துக்கொண்ட நிபந்தனைகள் சட்டத்தைவிடக் கடுமையாக எப்படி ஆட்சி செய்கின்றன என்பதை அடுத்த வாரம் பார்ப்போம். கலிபோர்னியாவைப் பற்றிக் கேட்டு எழுதியிருக்கும் வாசகர்கள் அதற்கும் அடுத்த வாரம் வரை பொறுத்தருள வேண்டும்.

(தொடரும்)