இரண்டு நிமிஷக் கொண்டை

கூந்தல் இருக்கிற சீமாட்டி எந்தக் கொண்டை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்று நம் பாட்டிமார் சொல்வதுண்டு. அந்தச் சீமாட்டிக்கு முன்னால் ஒரு நிலைக்கண்ணாடியும், பின்னால் ஒரு தாதியும், கைவசம் ஒரு மணி நேர அவகாசமும் இருந்திருக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் இன்று விடியற்காலையில் தொழிற்சாலை பஸ்ஸுக்காகச் சாலையோரம் காத்து நிற்கும் பெண்களுக்கு இம்மூன்றில் ஒன்றும் கிடையாது. கூந்தல் மட்டும் உண்டு. அந்தக் கூந்தலை இரண்டு நிமிஷத்தில் வாரி, எட்டு மணி நேரம் அவிழாமல் நிற்கும்படி முடிந்துகொள்ள வேண்டும். இது அழகைப் பற்றிய விஷயம் என்று நினைத்து வாசகர்கள் புன்னகை செய்யலாம். சில இடங்களில் இது உயிரைப் பற்றிய விஷயமாகவும் ஆகிவிடுகிறது என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தேன்.

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் நம்மில் பலருக்கு ஸ்ரீ ராமாநுஜர் அவதரித்த தலம் என்பதே முதலில் நினைவுக்கு வரும். ஏரிப் பாசனமும் நெல் வயல்களுமாக இருந்த அந்தப் பிரதேசம், 1990-களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹியூண்டாய் மோட்டார் தொழிற்சாலை எழுந்தது முதலாக வேறு கோலம் பூண்டுவிட்டது. ஒரகடம், சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால் என்று வரிசையாக மோட்டார் வண்டிகளும், டயர்களும், கைத்தொலைபேசிகளும் உற்பத்தியாகும் ஆலைகள் தோன்றின. அவற்றில், முக்கியமாகக் கைத்தொலைபேசி ஆலைகளில், வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். 2019-20-ஆம் வருஷத்துக்கான மத்திய சர்க்காரின் தொழிற்சாலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் தொழிற்சாலை வேலை பார்க்கும் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் தமிழ்நாட்டிலேயே இருந்தார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் தொழிலாளர்களுக்காகத் திறக்கப்பட்ட விடுதி 18,720 பேர் தங்கக்கூடியது. ஒரு சிறு பட்டணத்தின் ஜனத்தொகை ஒரே மதிலுக்குள்! அத்தனை பெண்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கண்ணாடி முன்னால் நிற்க வேண்டுமென்றால் இரண்டு நிமிஷமே தாராளம்தான்.

யந்திரத்துக்கும் கூந்தலுக்கும் உள்ள பகையை ஒரு சின்னக் கணக்கைக் கொண்டு விளக்கலாம். பள்ளிக்கூடத்து வாத்தியாருக்குக் கணக்கை விட்டால் வேறு ஆயுதம் ஏது? நிமிஷத்துக்கு 1,440 சுற்றுச் சுற்றும் ஒரு தண்டை எடுத்துக்கொள்வோம். அப்படியானால் விநாடிக்கு 24 சுற்று. தண்டின் குறுக்களவு 5 சென்டிமீட்டர் என்றால் அதன் சுற்றளவு ஏறக்குறைய பதினைந்தே முக்கால் சென்டிமீட்டர். ஆகவே, அதில் சிக்கும் எந்த நூலையும் கயிற்றையும் அது விநாடிக்கு மூன்றே முக்கால் மீட்டர் வீதம் சுருட்டிக்கொள்ளும். முக்கால் மீட்டர் நீளமுள்ள பின்னலைச் சுருட்டி முடிக்க அதற்கு ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு போதும். ஏதோ இழுக்கிறது என்று நாம் உணர்ந்து கையை அசைப்பதற்குள்ளேயே அவ்வளவு நேரம் கழிந்துவிடும். "இழுத்தால் முடிதானே அறுந்துவிடும்" என்று சிலர் எண்ணுவார்கள். அதுவும் தவறு. ஒரு தனி முடியே சுமார் நூறு கிராம் எடையைத் தாங்கும். ஆயிரம் முடி சேர்ந்த ஒரு சிறு கற்றை ஓர் ஆளின் எடையையே தாங்கிவிடும். முடி அறுவதற்கு முன்னால் தலைத்தோல் பெயர்ந்து வந்துவிடுகிறது. அல்லது தலையே யந்திரத்தை நோக்கி இழுபட்டுப் போகிறது.

இது வெறும் ஊகமன்று. 2011 ஏப்ரலில் அமெரிக்காவின் யேல் சர்வகலாசாலையில் பட்டம் பெறும் தறுவாயில் இருந்த ஒரு விஞ்ஞான மாணவி, இரவு நேரத்தில் தனியே கடைசல் யந்திரத்தில் வேலை செய்துகொண்டிருந்தாள். கூந்தல் யந்திரத்தில் சிக்கி, அவள் உயிரிழந்தாள். படிப்பும் புத்திக்கூர்மையும் நிறைந்தவர்களுக்கும் ஒரு கணத்தில் இது நேரக்கூடும் என்பதற்கு அது சாட்சி. பிரேஸில் தேசத்தில் அமேஸான் நதியில் ஓடும் சிறு மோட்டார்ப் படகுகளில், இன்ஜினிலிருந்து சுழல்விசிறிக்குப் போகும் தண்டு மூடியில்லாமல் படகின் அடித்தளத்திலேயே சுழலும். ஏதாவது ஒன்றை எடுக்கக் குனிந்த பெண்களும் சிறுமிகளும் தலைத்தோலையே இழந்த கொடுமை அங்கே பல வருஷ காலம் நடந்துவந்தது. 2009-இல் அந்நாட்டு அரசாங்கம், படகுகளில் அந்தத் தண்டுக்குக் கட்டாயம் மூடி போட வேண்டும் என்று சட்டம் செய்தது. "பெண்களே, கூந்தலைக் கட்டிக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாமல், யந்திரத்துக்கு மூடி போடச் சொன்னார்களே, அது கவனிக்கத் தக்கது.

இரண்டாவது உலக யுத்தத்தின்போது ஆண்கள் போர்முனைக்குப் போய்விட, அமெரிக்காவில் லட்சக்கணக்கான பெண்கள் ஆயுதத் தொழிற்சாலைகளில் சேர்ந்தார்கள். அப்போது வெரோனிகா லேக் என்ற சினிமா நட்சத்திரம் ஒரு கண்ணை மறைக்கும்படி கூந்தலை வழியவிடும் பாணிக்குப் பேர்போனவர். அவரைப் பார்த்துப் பெண்களும் அவ்வாறே செய்யத் தொடங்கவே, அரசாங்கம் அந்த நட்சத்திரத்திடமே உதவி கேட்டது. 1943-இல் அவர் தம் கூந்தலை மேலே தூக்கி முடிந்துகொண்டு ஒரு செய்திப் படத்தில் தோன்றி, யந்திரத்தின் முன்னால் வேலை செய்யும் பெண் எப்படித் தலை வாரிக்கொள்ள வேண்டும் என்று செய்து காட்டினார்.

நமக்கு அப்படி நட்சத்திரம் யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. பழந்தமிழர் மகளிர் கூந்தலை முடிக்கும் வகையை ஐந்தாகப் பகுத்து "ஐம்பால்" என்றார்கள். அந்த ஐந்து எவை என்பதில் உரைகாரர்கள் வேறுபட்டாலும், கொண்டை மட்டும் தவறாமல் இடம்பெறுகிறது. நாற்று நடும் பெண் நாள் முழுதும் குனிந்தே நிற்கிறாள். அவள் கூந்தல் சேற்றில் விழுவதில்லை. காரணம், அவள் முடிந்திருக்கும் கோடாலி முடிச்சு. கூந்தலைப் பிடரியில் சேர்த்துப் பிடித்து, கயிறு போல் முறுக்கி, கையைச் சுற்றி ஒரு வளையமாக்கி, நுனியை அந்த வளையத்துக்குள் செலுத்தி இறுக்கிவிடுகிறாள். ஊசி வேண்டாம், ரிப்பன் வேண்டாம். முறுக்கிய இழைகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் உராய்வுதான் அதன் பலம். ஆனால் வழுவழுப்பான கூந்தலிலும் குட்டையான கூந்தலிலும் அது நிற்காது. பஸ்ஸில் சாய்ந்தாலும் குல்லாய் மாட்டிக் கழற்றினாலும் நெகிழ்ந்துவிடும். ஆகவே, இக்காலத்து வேலைக்கு அதிலே சிறிது மாறுதல் செய்துகொள்ள வேண்டும்.

அதைச் செய்யும் முறை இது: முதலில் நுனியிலிருந்து தொடங்கி மேல் நோக்கிச் சிக்கு எடுக்க வேண்டும். கூந்தல் ஈரமாக இருக்கக்கூடாது. ஈர முடி நீண்டு கொடுக்கும். உலர்ந்தபின் கட்டுத் தளர்ந்துவிடும். பிறகு எந்த உயரத்தில் முடிவது என்று தீர்மானிக்க வேண்டும். தலைக்கவசம் அணிகிறவர்களும் ஸ்கூட்டரில் போகிறவர்களும் பிடரியில் தாழ்வாக முடிவதே சரி. உயரத்தில் முடிந்தால் கவசம் தலையில் சரியாகப் பொருந்தாமல் அதன் பயனே கெட்டுவிடும். துணிக் குல்லாய் மட்டும் அணிகிறவர்கள் நடுத்தலையில் முடிந்துகொள்ளலாம்.

கூந்தலை ஒன்றாகச் சேர்த்துத் துணி சுற்றிய ரப்பர் வளையத்தை இரண்டு சுற்றுச் சுற்றவும். மூன்றாவது சுற்றில் கூந்தலை முழுதும் இழுத்துவிடாமல் பாதியில் நிறுத்தினால் ஒரு வளையம் நிற்கும். மீந்த வாலை முறுக்கி அந்த வளையத்தின் அடியைச் சுற்றி வரவேண்டும். அதன்மேல் இன்னொரு ரப்பர் வளையத்தை மாட்டி, நுனியை உள்ளே செருகிவிட்டால் கொண்டை தயார். கொஞ்சம் கலைந்தாற்போல இருக்கும், இருந்தால் என்ன? வழவழவென்று இழுத்து வாரிய கொண்டையைவிட இதுவே தலையை உறுத்தாமல் நிற்கும்.

இன்னும் உறுதி வேண்டுமானால் கொண்டை ஊசி நான்கு போதும். ஊசியை நேரே குத்துவது பயன் தராது. கொண்டையின் ஓரத்து முடியில் சிறிதளவை வெளிப்பக்கம் நோக்கிக் கோத்து, பிறகு ஊசியை மறுபுறம் திருப்பித் தலையை ஒட்டினாற்போல் கொண்டையின் நடுவை நோக்கிச் செலுத்த வேண்டும். அப்போது கொண்டை முடியும் தலைமுடியும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். மேலே, கீழே, இரு பக்கங்களிலும் ஒவ்வொன்று. உலோகம் கொண்டுபோகக் கூடாத இடங்களில் ஊசிக்குப் பதில் கொண்டை வலை போடலாம்.

கடைசியாக ஒரு பரீட்சை உண்டு. நன்றாகக் குனிந்து, தலையை இருபுறமும் பலமாக ஆட்டிப் பாருங்கள். கொண்டை அசைந்தால் அது தேறவில்லை. நெற்றியிலும் காதோரத்திலும் விழும் குட்டை முடிகள் பஸ்ஸில் அழகாக இருக்கலாம். யந்திரத்தின் முன்னால் அவற்றையும் குல்லாய்க்குள் அடக்கியே ஆகவேண்டும். தொங்கும் மல்லிகைச் சரம் மாலை வரை காத்திருக்கட்டும். துப்பட்டாவும் மேலங்கிக்குள் போகட்டும்.

வேலை முடிந்ததும் கொண்டையை அவிழ்த்துவிடுவது அவசியம். தினந்தோறும் ஒரே இடத்தில் இறுக்கி இழுத்துக் கட்டினால் நெற்றி ஓரத்திலும் பொட்டுப் பகுதியிலும் முடி உதிரத் தொடங்கும். ஆரம்பத்தில் கட்டைத் தளர்த்தினால் மீண்டும் முளைக்கும். பல வருஷம் அசட்டை செய்தால் முளைக்கவே முளைக்காது என்று தோல் வைத்தியர்கள் எச்சரிக்கிறார்கள். கட்டியதும் தலை வலித்தால், இறுக்கம் அதிகம் என்று பொருள். இரவில் தளர்ந்த ஒற்றைப் பின்னலே போதும்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது பெண்களுக்குச் செய்யும் அநியாயமாகும். 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், ஓடும் யந்திரங்களின் அபாயமான பாகங்களுக்குக் காப்பு அமைக்க வேண்டும் என்று விதித்தது. ஓடிக்கொண்டிருக்கும் யந்திரத்தைச் சோதிக்கும் வேலையை, உடலை ஒட்டிய உடை அணிந்த, பயிற்சி பெற்ற ஆண் தொழிலாளிக்கே அது ஒதுக்கியது. இரவில் பெண்கள் தொழிற்சாலையில் வேலை செய்வதையும் தடுத்தது. அந்த இரவுத் தடை செல்லாது என்று 2000 டிசம்பரில் சென்னை ஹைகோர்ட்டு தீர்ப்பளித்தது. பார்லிமெண்டு 2020-இல் நிறைவேற்றி, 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, தக்க பாதுகாப்புடனும் அவர்களுடைய சம்மதத்துடனும் பெண்கள் எல்லா வேலையும் செய்யலாம், இரவிலும் செய்யலாம் என்கிறது. கதவு திறந்தது நல்லதே. ஆனால் அந்தப் பாதுகாப்பு என்ற சொல் காகிதத்தில் தங்கிவிடக்கூடாது. விபத்து நேர்ந்தபின் "அந்தப் பெண் கொண்டையைச் சரியாக முடியவில்லை" என்று சொல்லி எந்த நிர்வாகமும் கை கழுவிவிட இடம் கொடுக்கலாகாது. யந்திரத்துக்கு மூடி முதலில். கூந்தலுக்குக் குல்லாய் பிறகு. அவ்விரண்டுக்கும் துணையாகத்தான் கொண்டை.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் சில தாய்மார்கள், "பெண்ணின் கூந்தல் குறைந்தால் நல்ல இடத்தில் கொடுப்பது கஷ்டம்" என்று கவலைப்படுகிறார்கள். வேலைக்காகக் கூந்தலை வெட்ட நேருமோ என்று அஞ்சுகிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. வெட்ட வேண்டியதில்லை, சரியாகக் கட்டினால் போதும். வெட்டிக்கொள்ள விரும்பும் பெண்ணைத் தடுக்கவும் வேண்டியதில்லை. மாதம் பிறந்தால் வீட்டுக்குப் பணம் அனுப்பி, தம்பி தங்கைகளைப் படிக்க வைக்கும் பெண், தன் தலைமுடியைப் பற்றித் தானே தீர்மானிக்கத் தகுதி உடையவள் அல்லவா?