மாமியாருக்குப் பிடிக்காத சாக்ஸபோன்

வடகிழக்குப் பருவக்காற்று வந்துவிட்டால் மெர்சிங் பாதித் தூக்கத்துக்குப் போய்விடும். தியோமான் படகுகள் குறையும், தீவு விடுதிகளில் பல பூட்டிக்கொள்ளும். அப்படியொரு மழை இரவில்தான் பி. ரம்லியின் 'இபு மெர்துவாகு' படத்தை எத்தனையாவது முறையாகவோ பார்த்து முடித்தேன். 1962இல் வந்த படம். நாயகன் காசிம் செலாமாட் சாக்ஸபோன் வாசிப்பவன். அவனைக் காதலிக்கும் பெண்ணின் தாய் பெரும் பணக்காரி. அவளுக்கு மாப்பிள்ளையாக ஒரு டாக்டர் வேண்டும். பாட்டுக்காரன் என்றால் அவள் முகம் கோணும் கோணலை ரம்லி இரக்கமே இல்லாமல் படம் பிடித்திருக்கிறார். கதை முடியும்போது அந்தப் பெண் டாக்டரின் மனைவியாகிவிடுகிறாள், சாக்ஸபோன்காரன் தன் கண்ணைத் தானே குத்திக்கொள்கிறான்.

அந்த மாமியாரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நம் சொந்தக்காரர்கள் ஞாபகம் வருவார்கள். மலாய்ப் படம்தான், ஆனால் அவள் மனம் நம் வீடுகளில் குடியிருப்பது. தோட்ட லயத்தில் வளர்ந்த தலைமுறைக்குப் பிள்ளை டாக்டராகவோ வக்கீலாகவோ ஆவதுதான் கரையேறும் வழி. ஊதுகுழலைத் தூக்கிக்கொண்டு ராத்திரி வேலைக்குப் போகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெண் கிடைக்காத அந்த மனிதனுக்கு வேலை கிடைத்தது. அன்றைய சிங்கப்பூரில் நியூ வேர்ல்டு, கிரேட் வேர்ல்டு, ஹேப்பி வேர்ல்டு என்று மூன்று பெரிய கேளிக்கைப் பூங்காக்கள். கோலாலம்பூரில் புக்கிட் பிந்தாங் பார்க். ஒவ்வொன்றிலும் ஆட்டக்கூடம் உண்டு. வாடிக்கையாளர் சீட்டு வாங்கி, அங்கே வேலை பார்க்கும் பெண்ணோடு ஒரு பாட்டுக்கு ஆடுவார். பாட்டு முடிந்தால் அடுத்த சீட்டு. சீட்டு ஓட வேண்டுமென்றால் பேண்ட் ஓட வேண்டும். பிலிப்பினோக்களும் யுரேஷியர்களும் மலாய்க்காரர்களும் உட்கார்ந்து வாசித்த அந்த பேண்டுகளுக்குள்தான் ஸ்விங், ரும்பா, ஃபாக்ஸ்டிராட் எல்லாம் இந்த மண்ணில் வேர்விட்டன. யாரும் அதைக் கலை என்று கொண்டாடவில்லை. வாசித்தவன் காலுக்குத் தாளம் கொடுத்தான், கூலி வாங்கினான். கூட்டம் கலைந்தபிறகு நாலு பேர் சேர்ந்து தங்களுக்காக வாசித்துக்கொண்டார்களே, ஜாஸ் உண்மையில் அங்கேதான் வளர்ந்தது.

சின்ன ஊர்களுக்கு இந்தச் சத்தத்தைக் கொண்டுவந்தவை பங்சாவான் நாடகக் குழுக்கள். காட்சிக்கும் காட்சிக்கும் நடுவே திரைக்கு முன்னால் ஒரு பாட்டு, ஒரு ஆட்டம். ராஜா ராணி கதை பார்க்க வந்தவன் ரும்பா கேட்டுவிட்டுப் போனான்.

அப்புறம் வானொலி வந்தது. அல்போன்சோ சொலியானோ போன்ற பியானோ கலைஞர்கள் வானொலி வாத்தியக் குழுவை நடத்தினார்கள். மாதச் சம்பளம் கிடைத்தது. கொஞ்சம் மரியாதையும் வந்தது. பினாங்கில் ஜிம்மி பாய்ல் இருந்தார், 1922இல் பிறந்து 1971இல் மறைந்தவர். நம் பிள்ளைகள் பள்ளியில் பாடும் 'புத்ரா புத்ரி' அவர் மெட்டு. ஜாஸ் பியானோவில் ஊறிய கை அது என்று பாடுகிற பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் ஆசிரியராகவும் இருந்தார். ஆகவே 'ஜாஸ்காரன் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பது இன்றைய வழக்கம்' என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. அன்று அது பக்க வருமானம். இன்று அதுவே சோறு.

எப்படி மாறியது? அறுபதுகளில் கித்தார் பேண்டுகள் வந்தன. பத்துப் பேர் வாசித்த இடத்தில் நாலு பேர் போதும் என்றாயிற்று. பிறகு டிஸ்கோ, தட்டைச் சுழற்றும் ஒருவர் போதும். கராவோக்கே வந்ததும் அந்த ஒருவரும் வேண்டாம், வாடிக்கையாளரே பாடிக்கொள்வார். வாசிப்பவர்கள் இரவு வேலை தேடிக் கடல் கடந்தார்கள். அலிகேட்ஸ் குழுவை வழிநடத்திய டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்கள் பினாங்குத் தமிழர்கள். மலாய்ப் பாடல்களால் நாடே அறிந்த அவர்கள் எழுபதுகளில் ஹாங்காங் இரவு விடுதிகளில் வாசித்துப் பிழைத்தவர்கள். அவர்கள் பாடியது ஜாஸ் அல்ல என்று யாராவது திருத்த வருவார்கள். சரிதான். ஆனால் இரவுதோறும் மேடையேறிக் கையைப் பழக்கும் அந்தப் பள்ளிக்கூடம் எல்லாருக்கும் ஒன்றுதான்.

இனி இன்றைக்கு வருவோம். அதற்கும் ஒரு படம் இருக்கிறது: 2020இல் வந்த பிக்சாரின் 'சோல்'. அதன் நாயகன் ஜோ ஒரு பள்ளிக்கூட பேண்ட் வாத்தியார். ஜாஸ் மேடையில் பியானோ வாசிக்கத் துடிக்கிறான். தையல்கடை நடத்தும் அவன் அம்மாவோ, பள்ளியில் கிடைத்த நிரந்தர வேலையை விடாதே என்று மல்லுக்கு நிற்கிறாள். அவன் அப்பாவும் இசைக்காரர். அந்தக் குடும்பத்தைத் தாங்கியது தையல் மெஷின்தான். 1962இல் மாமியார், 2020இல் அம்மா. முன்னவளுக்கு இசைக்காரன் என்றாலே ஆகாது. பின்னவள், இசையைச் சொல்லிக்கொடு, பென்ஷன் வரும் என்கிறாள். ஐம்பத்தெட்டு ஆண்டு மாற்றத்தை இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியாது.

அந்தப் படத்தில் ஒலிக்கும் டபுள் பாஸை வாசித்தவர் லிண்டா மே ஹான் ஓ. 1984இல் மலேசியாவில் பிறந்து, ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் வளர்ந்து, நியூயார்க் போனவர். இப்போது பாஸ்டனில் பெர்க்லி இசைக் கல்லூரியில் பாடம் எடுக்கிறார். அவர் சேர்ந்து வாசிக்கும் மூவர் குழுவின் பியானோ கலைஞர் விஜய் ஐயர். டிரம்ஸ் டைஷான் சோரி. மூவரும் 2021இல் 'அன்ஈஸி', 2024இல் 'கம்பாஷன்' என்று இரண்டு ஆல்பங்கள் தந்திருக்கிறார்கள். மூவருமே கல்லூரி ஆசிரியர்கள்.

விஜய் ஐயரின் கதை நம்மவர்களுக்குச் சுவையானது. அமெரிக்காவில் குடியேறிய தமிழ்ப் பெற்றோரின் மகன், பிறந்தது 1971. மூன்று வயதிலிருந்து வயலின் பாடம். பியானோவை மட்டும் பெரும்பாலும் காதால் கேட்டுத் தானாகவே பிடித்துக்கொண்டார். யேலில் கணிதமும் இயற்பியலும் படித்தார். பெர்க்லி நகரத்துக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆராய்ச்சிக்குப் போய், பாதியில் திரும்பி, இசை பற்றிய ஆய்வில் 1998இல் டாக்டர் பட்டம் வாங்கினார். 2013இல் மெக்ஆர்தர் நல்கை, 6,25,000 டாலர். 2014 முதல் ஹார்வர்டில் பேராசிரியர். கனடாவின் பான்ஃப் மையத்தில் இளம் ஜாஸ் கலைஞர்களுக்கான பயிலரங்கைப் பல ஆண்டுகள் நடத்தினார். 2017இல் கலிபோர்னியாவின் ஓஹாய் இசை விழாவுக்கு அவர்தான் இசை இயக்குநர். விழா, மாணவர், சக கலைஞர் என்ற மூன்று கால்களில்தான் அவர் வாழ்க்கை நிற்கிறது. ரம்லி பட மாமியார் இன்று இருந்தால் என்ன செய்வாள்? டாக்டர் மாப்பிள்ளை வந்துவிட்டார் என்று ஆரத்தி எடுப்பாள்.

இதில் எனக்கு ஒரு குறும்பான சந்தேகம் உண்டு. 2011இல் விஜய் ஐயரோடு 'தீர்த்தா' ஆல்பத்தில் கித்தார் வாசித்தவர் பிரசன்னா. கர்நாடக சங்கீதத்தை எலெக்ட்ரிக் கித்தாரில் கொண்டுவந்தவர், 2010இல் சென்னைக்குத் தெற்கே சுவர்ணபூமி இசைப் பள்ளியைத் தொடங்கி நடத்தியவர். அவர் சென்னை ஐஐடியில் கப்பல் கட்டும் பொறியியல் படித்தவர்! ஒருவர் இயற்பியல், ஒருவர் கப்பல். முதலில் ஒரு பட்டத்தை வாங்கி வீட்டில் வைத்துவிட்டுத்தான் தமிழ்ப் பிள்ளை ஜாஸ் பக்கம் போகிறான் போலும்.

இங்கேயும் விழாக்கள் வந்தன. பினாங்குத் தீவு ஜாஸ் விழா 2004இல் பத்து பெரிங்கி கடற்கரையில் தொடங்கியது, 2006இல் மிரியிலும் ஒரு ஜாஸ் விழா தொடங்கியது. பகலில் பயிலரங்கு, இரவில் மேடை, அதற்குப் பிறகு விடுதி மூலையில் வெளியூர்க்காரரும் உள்ளூர்க்காரரும் சேர்ந்து ஜாம். பழைய ஆட்டக்கூடம் மூடியபின் நடந்த அதே வாசிப்புதான். வித்தியாசம் என்னவென்றால், அன்று மறுநாள் இரவும் அதே மேடை இருந்தது. விழாவோ ஆண்டுக்கு ஒரு மணி நேரம். கச்சேரியில் தனி ஆவர்த்தனம் பிரமாதமாக அமைய ஓராயிரம் சாதாரணக் கச்சேரிகள் பின்னால் இருக்க வேண்டும் என்பது மிருதங்கக்காரர்களுக்குத் தெரியும். ஜாஸ்காரனுக்கு அந்தச் சாதாரண இரவுகள்தான் காணாமல் போயின. மரியாதை வந்தது, மேடை போனது. எனக்கு இது லாபமாகத் தெரியவில்லை.

எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் பள்ளி பேண்டில் சாக்ஸபோன் வாசிக்கிறான். 'டூயட்' படத்தில் கத்ரி கோபால்நாத் வாசித்ததைக் கேட்டு ஆசைப்பட்டவன். அந்தக் கத்ரியே 1980இல் பம்பாய் ஜாஸ் விழாவில் ஜான் ஹேண்டியோடு மேடையேறியவர் என்று சொன்னேன், நம்பாமல் சிரித்தான். வாரம் ஒரு பாடம், திரையில். வாத்தியார் எங்கோ ஒரு நகரத்தில். பையனின் விரல் சுத்தமாக ஓடுகிறது. ஆனால் இன்னொரு மனிதனோடு ஒரே அறையில் உட்கார்ந்து அவன் இன்னும் ஜாஸ் வாசித்ததில்லை. அதற்கு அவன் ஜோகூர் பாருவுக்கோ சிங்கப்பூருக்கோ பஸ் ஏற வேண்டும்.

மெர்சிங்கிலும் சுற்று வட்டாரத்திலும் கல்யாணம், பிறந்தநாள், விருந்து வைக்கப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டிஜேக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், வாத்தியம் வாசிக்கிற மூன்று பேரைக் கூப்பிட்டுப் பேசிப் பாருங்கள். சாப்பாடு போடுகிறோம் என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். எத்தனை வெள்ளி என்று முதலிலேயே பேசி, வாசித்து முடித்த இரவே கையில் கொடுத்துவிடுங்கள்.