பல்லைப் பிடுங்குமுன் இதயத்தை நினையுங்கள்!

பல்லுக்கும் இதயத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறீர்களா? இதய வால்வு பழுதானவர்களுக்கு அது உயிரைத் தொடும் தொடர்பு.

சிறுவயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் மூட்டுவாதக் காய்ச்சல், சில பிள்ளைகளின் இதய வால்வைக் கெடுத்துவிடுகிறது. பின்னாளில் அவர்களுட் சிலருக்கு வால்வையே மாற்ற வேண்டியதாகிறது. நம் நாட்டிலேயே உருவான செயற்கை வால்வு, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் 1990 டிசம்பரில் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது.

வால்வு மாற்றியபின் கவனம் வாய்க்குத் திரும்ப வேண்டும். வாயில் எப்போதும் கிருமிகள் உண்டு. பல் பிடுங்கும்போது அவை இரத்தத்தில் கலக்கின்றன. நலமான உடல் அவற்றை விரைவில் அழித்துவிடும். செயற்கை வால்விலோ அவை ஒட்டிப் பெருகக்கூடும். இதய உள்ளுறை அழற்சி எனப்படும் இந்நோய் அரிதுதான். வந்துவிட்டால் பல வாரம் ஊசி மருந்து, மரணமும் நேரலாம்.

சுண்ணாம்புக்குளம் முதலிய பழவேற்காடு ஏரிக்கரை ஊர்களில், ஒருநாள் தொழில் கெடாமல் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று எண்ணுவது இயல்பே. வால்வு மாற்றியவர் அவ்வாறு செய்யலாகாது. மருத்துவமனைச் சீட்டைப் பல் மருத்துவரிடம் முதலில் காட்டுங்கள்.

வால்வு மாற்றியவர், முன்பு இவ்வழற்சி கண்டவர், சிலவகைப் பிறவி இதயக் கோளாறு உள்ளவர் ஆகியோருக்குப் பல் பிடுங்குவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பாக, ஒரே ஒரு வேளை கிருமிக்கொல்லி மருந்து தரப்படும், பெரும்பாலும் அமாக்ஸிஸிலின். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவரும், 21 நாளுக்கொரு முறை பென்சிலின் ஊசி போடுபவரும் அதைத் தெரிவிப்பது அவசியம்; அவர்களுக்கு மருந்து மாறும்.

இரத்தம் உறையாதிருக்க உண்ணும் மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். வால்வில் இரத்தம் கட்டினால் பேராபத்து. இரத்தப் பரிசோதனை செய்து, இதய மருத்துவரின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும்.

நோன்புப் பகலில் மருந்து விழுங்க நேருமே என்ற தயக்கம் வேண்டாம். நோயாளி விட்ட நோன்பைப் பின்னர் நோற்க மார்க்கம் இடமளிக்கிறது.

பல் பிடுங்கிய சில வாரங்களில் காய்ச்சல் விடாது அடித்தால், வீட்டிலிருந்த மாத்திரையைக் கொடுத்துக் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு விரையுங்கள்.

அன்றாடம் பல்லையும் ஈறையும் தூய்மையாக வைப்பதே முதற்காப்பு. அழுகிய பல்லும் சீழ்பிடித்த ஈறும் மெல்லும்போதே கிருமிகளை இரத்தத்தில் சேர்க்கும். ஒவ்வொரு தொழுகைக்கும் மிஸ்வாக் செய்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எவ்வளவு விரும்பினார்கள் என்பதை நாமறிவோம். ஆறு மாதத்துக்கொரு முறை பல்லைக் காட்டி வாருங்கள். சென்னைக் கோட்டை ரயில் நிலையம் அருகே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கும்மிடிப்பூண்டியிலிருந்து புறநகர் ரயிலும் உண்டு. ஒருநாள் தொழிலைவிட உயிர் பெரிதல்லவா?