பசுமை மதிப்பெண்ணும் வட்டி விகிதமும்

சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுன் வட்டாரத்தில், ஒன்-நார்த் பகுதியில், பயோபோலிஸ் ரோட்டில் இருக்கிறது வில்மார் இன்டர்நேஷனலின் தலைமையகம். பிஸ்கட்டிலும் சவர்க்காரத்திலும் சேரும் செம்பனை எண்ணெயில் உலகின் மிகப் பெரிய வணிக நிறுவனங்களுள் ஒன்று. சுற்றுச்சூழலைப் பேணினால் லாபமும் கூடுமா என்று கேட்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதன் கணக்கைத்தான்.

2012ல் நியூஸ்வீக் இதழ் 500 பெரிய நிறுவனங்களைப் பசுமை நோக்கில் வரிசைப்படுத்தியபோது வில்மார் கடைசியில் நின்றது. மறு ஆண்டு டிசம்பரில், காடழிப்பு கூடாது, கரிச்சதுப்பு நிலத்தில் புதுத் தோட்டம் கூடாது, தொழிலாளரைச் சுரண்டக் கூடாது என்று அது அறிவித்தது. தன் தோட்டங்களுக்கு மட்டுமல்ல, தனக்கு எண்ணெய் விற்பவர்களுக்கும் அதே விதி. மனமாற்றம் மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. சுற்றுச்சூழல் அமைப்புகள் விடாமல் நெருக்கின; யூனிலீவர் போன்ற பெரிய வாடிக்கையாளர்களும் காடழிப்பற்ற எண்ணெயைக் கேட்டார்கள்.

2017 நவம்பரில் ஐஎன்ஜி வங்கி, வில்மாருக்குத் தந்திருந்த 150 மில்லியன் அமெரிக்க டாலர் கடன் வசதிக்குப் புதிய நிபந்தனை விதித்தது. பணத்தைப் பசுமைத் திட்டத்தில்தான் போட வேண்டும் என்பதில்லை. ஆனால் சஸ்டைனலிட்டிக்ஸ் என்ற மதிப்பீட்டு நிறுவனம் தரும் மதிப்பெண் உயர்ந்தால் வட்டி குறையும். நிலத் தகராறு, காட்டுத்தீ, வழக்கு என்று சிக்கும் நிறுவனம் கடனைத் திருப்பிக் கட்டத் திணறும் என்பது வங்கியின் கணக்கு. நற்பெயர் பணமாக மாறுவது இப்படித்தான்.

ஆய்வுகளும் நம்பிக்கை தருகின்றன. 2015ல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், சுமார் 90 விழுக்காட்டில் பொறுப்பான நடத்தை லாபத்தோடு முரண்படவில்லை. முரண்படவில்லை என்பதும் லாபத்தைக் கூட்டியது என்பதும் வேறுவேறு. காசு மிதமிஞ்சிய நிறுவனத்தால்தான் பசுமைக்குச் செலவழிக்க முடிகிறது என்ற வாதத்தையும் எளிதில் தள்ளிவிட முடியாது. அளவுகோலிலும் சிக்கல் உண்டு: ஒரே நிறுவனத்துக்கு ஒரு மதிப்பீட்டாளர் உயர்ந்த மதிப்பெண்ணும் இன்னொருவர் தாழ்ந்த மதிப்பெண்ணும் தருவது சாதாரணம்.

2025 ஜூனில், சமையல் எண்ணெய் ஏற்றுமதி அனுமதி தொடர்பான இந்தோனேசிய ஊழல் வழக்கில் வில்மார் ஏறத்தாழ 11.8 டிரில்லியன் ரூபியாவை வைப்பாகக் கட்ட நேர்ந்தது. நல்லெண்ணத்துடனேயே நடந்துகொண்டதாக நிறுவனம் கூறியது. வட்டிச் சலுகையில் மிச்சமாவதை ஒரே வழக்கு விழுங்கிவிடக்கூடும். ஆகவே ஆண்டறிக்கையைப் புரட்டும் பங்குதாரர்கள், முன்பக்கத்துப் பசுமைப் படங்களைத் தாண்டி, நிலுவையிலுள்ள வழக்குகள் அச்சாகியிருக்கும் பின்பக்கக் குறிப்புகள்வரை படிக்க வேண்டும்.