நரம்பும் பலகையும்

மெக்சிகோ நகரத்து ரொட்ரிகோ சாஞ்செசும் கபிரியேலா கிந்தேரோவும் மெட்டல் இசைக்குழு ஒன்றில் வாசித்துப் பழகியவர்கள். 1999-இல் அயர்லாந்தின் டப்ளின் நகருக்குக் குடிபெயர்ந்து, தெருவோரத்தில் நைலான் நரம்புக் கிதார்களை மீட்டிப் பிழைத்தனர். 2006-இல் சிறு தனி நிறுவனம் ஒன்றின் வழி வெளிவந்த அவர்களது இசைத்தொகுப்பு, அந்நாட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடத்தை எட்டிற்று. மெட்டலின் வேகமும் இலத்தீன் அமெரிக்கத் தாளமும் கலந்த இசை அது. பலரும் அதனை ஃபிளமெங்கோ என்கின்றனர். இருவரும் அதை மறுத்தே வருகின்றனர்.

வகைப்பெயர் எதுவாயினும் ஆகுக. இயற்பியல் கேட்கும் வினா வேறு. கிதாரின் தடித்த நரம்பு ஏறத்தாழ 82 ஹெர்ட்சிலும் மெல்லிய நரம்பு 330 ஹெர்ட்சிலும் அதிர்கின்றன. ஒரே எல்லைக்குள் ஒரே இனக் கருவிகள் இரண்டு ஒருங்கே ஒலித்தால் ஒன்றை மற்றொன்று மறைத்துவிட வேண்டுமே! இங்கே அது நிகழவில்லை.

விடை மரத்தில் இருக்கிறது. நரம்பு மெல்லியது, தனித்து நின்று அதனால் காற்றை அசைக்க இயலாது. அதன் அதிர்வை, நரம்பைத் தாங்கும் குதிரை வாங்கி, இரண்டரை மில்லிமீட்டர் அளவே தடிப்புள்ள முகப்பலகைக்குக் கடத்துகிறது. பேழைக்குள் அடைபட்ட காற்று ஒலித்துளை வழியே உள்ளும் புறமும் ஊசலாடி, 100 ஹெர்ட்சு அளவில் ஒத்ததிர்கிறது. பலகையின் முதன்மை ஒத்ததிர்வு 200 ஹெர்ட்சை ஒட்டி அமைகிறது. முகப்பலகையே கிதாரின் உயிர் என்பதை மெய்ப்பிக்க, எசுப்பானியக் கைவினைஞர் அந்தோனியோ தெ தோரெசு 1862-இல் பக்கங்களையும் முதுகையும் காகிதக் கூழால் செய்து ஒரு கிதாரை உருவாக்கினார். அது நன்றாகவே ஒலித்ததாம்.

கபிரியேலாவின் வலக்கை இந்தப் பலகையைத்தான் ஆள்கிறது. விரல்கள் நரம்புகளை வருடிச் சிதறும் இடைவெளிகளில் உள்ளங்கையும் பெருவிரலும் மரத்தைத் தட்டுகின்றன. குதிரையை அடுத்த நெகிழ்வான பகுதியில் தட்டினால் காற்றின் தாழ்ந்த ஒத்ததிர்வு கிளர்ந்து ‘தும்’ என்கிறது. விறைப்பு மிகுந்த ஓரத்தில் தட்டினால் உயர் அதிர்வெண்கள் எழுந்து ‘டக்’ என்கிறது. நரம்பின் மேற்சுரங்கள் அடிப்படை அதிர்வெண்ணின் முழுவெண் மடங்குகளை ஒட்டியே அமைகின்றன. பலகையின் அதிர்வுகளுக்கு அந்த ஒழுங்கு இல்லை. (மிருதங்கத் தோலின் கரும்பூச்சு அந்த ஒழுங்கை வருவிக்கிறது என்று சி. வி. இராமன் 1920-இலேயே எழுதினார். கிதார்ப் பலகைக்கு அப்பேறு வாய்க்கவில்லை, வாய்க்காததே நல்லது.) சுருதி தெளியாமல், நொடியின் சிறு பகுதிக்குள் மடியும் அவ்வொலியைச் செவி முழவெனக் கொள்கிறது. ஆதலின் ரொட்ரிகோவின் மெட்டோடு அது மோதுவதில்லை.

ரொட்ரிகோ மீட்டுதகடு பிடிப்பவர். நரம்பை நட்டநடுவில் மீட்டினால், முழுவெண் மடங்கான அம்மேற்சுரங்களுள், அதாவது சீரிசைகளுள், இரட்டைப்படையானவை அடங்கி ஒலி உருண்டையாகும். குதிரையை நெருங்கி மீட்டினால் உயர் சீரிசைகள் மிகுந்து கூர்மையாகும். மீட்டுதகட்டின் கடினமான விளிம்பு அக்கூர்மையை மேலும் ஏற்றுகிறது. கபிரியேலாவின் தாழ்ந்த ‘தும்’ ஒலிக்கு மேலே அதனைத் தெளிவாகக் கேட்கலாம்.

மின்கிதாரில் மின்பெருக்கி ஒரு சுரத்தை நெடுநேரம் தாங்கி நிற்கும். நைலானுக்கு அந்த வலு இல்லை. உள்ளுராய்வு மிகுந்த அப்பொருளில் உயர் சீரிசைகள் முதலில் மாய்கின்றன. நீட்ட இயலாத சுரத்தைத் திரும்பத் திரும்ப விரைந்து மீட்டியே நிலைநிறுத்த வேண்டும். மெட்டலில் பழகிய கைவேகம் இங்கே பெரிதும் உதவியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

பேரரங்குகளில்தான் சிக்கல். ஒலிபெருக்கியின் அலைகள் ஒலித்துளைக்குள் புகுந்து, அதே 100 ஹெர்ட்சுப் பகுதியைக் கிளர்த்திவிட்டால் கருவி ஊளையிடத் தொடங்கும். துளையை அடைப்பதோ அந்த அதிர்வெண்ணை வடிகட்டுவதோ எளிய வழி. ஆனால் அதிகமாக வடிகட்டினால் ஊளையோடு முழவும் போய்விடும். எவ்வளவு குறைப்பது என்பதை ஒலிப்பொறியாளர் அரங்குக்கு அரங்கு தம் செவியைக் கொண்டே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.