ரேஷன் அரிசி வாங்கினால் கிரீன் கார்டு கிடைக்காதா?

ஏற்காடு அடிவாரத்தில் வீடு. மகனோ மகளோ அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டு, "அப்பா, அம்மா, நீங்களும் இங்கேயே வந்துடுங்க" என்று கூப்பிடுகிறார்கள். நிரந்தர வசிப்புரிமைக்கு, அதாவது கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கும்போது பலருக்கும் வரக்கூடிய சந்தேகம் இது: "ரேஷன் அரிசி வாங்கறோம், மாசம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை வருது, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல ஆபரேஷன் பண்ணிக்கிட்டோம். இதையெல்லாம் காரணம் காட்டி மறுத்துடுவாங்களா?"

பயப்பட வேண்டாம். அந்தச் சட்டம் பார்ப்பது வேறு.

சட்டம் என்ன சொல்கிறது?

பிழைப்புக்கு அரசையே நம்பியிருக்கக் கூடியவரை அமெரிக்கா 'பொதுச் சுமை' என்கிறது. 1882-லிருந்தே அப்படிப்பட்டவருக்கு அனுமதி மறுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. 2022 டிசம்பர் 23 முதல் அமலுக்கு வந்த விதியில் 'அரசு' என்பது அமெரிக்காவின் மத்திய, மாநில, உள்ளாட்சி அரசுகளைக் குறிக்கும். நம்ம ஊர் திட்டங்கள் அதில் வராது.

அங்கே வாங்கும் உதவியில் எது கணக்கு?

அந்த விதிப்படி இரண்டுதான். ஒன்று, வருமானத்துக்குப் பதிலாகத் தரப்படும் ரொக்க உதவி. இரண்டு, அரசுச் செலவில் காப்பகத்தில் நீண்ட காலம் தங்கியிருப்பது. ஸ்நாப் உணவு உதவி, பள்ளி மதிய உணவு, தடுப்பூசி, குழந்தைகளுக்கான மருத்துவக் காப்பீடு ஆகியவை கணக்கில் சேராது. பேரப்பிள்ளை பெயரில் வரும் உதவி உங்கள் தலையில் விழாது.

இது தெரியாமல் நஷ்டப்பட்டவர்கள் நிறைய. 2020 பிப்ரவரியில் அமலான கடுமையான விதி, 36 மாதங்களில் மொத்தம் 12 மாதத்துக்கு மேல் உணவு, வீட்டு வாடகை, மருத்துவ உதவி பெற்றதையும் கணக்கில் எடுத்தது. 2021 மார்ச்சில் அது கைவிடப்பட்டது. ஆனால் அதற்குள், விதி தங்களுக்குப் பொருந்தாத குடும்பங்கள்கூட, அங்கேயே பிறந்த குழந்தைகளுக்கான உதவியைப் பயந்துபோய் நிறுத்திவிட்டன.

அப்படியானால் எதைப் பார்ப்பார்கள்?

வயது, உடல்நலம், குடும்பநிலை, சொத்து, படிப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்ப்பார்கள். அதோடு ஐ-864 என்ற ஆதரவு உறுதிப் பத்திரமும் வேண்டும். பெற்றோரை அழைக்கும் பிள்ளை 21 வயது நிரம்பிய அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். அவருடைய வருமானம், குடும்ப எண்ணிக்கைக்கு ஏற்ற வறுமைக்கோட்டு அளவில் பொதுவாக 125 சதவீதமாவது இருக்க வேண்டும். அந்த எண்ணிக்கையில் நீங்களும் சேர்த்தி.

இந்தக் கையெழுத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நீங்கள் குடியுரிமை பெறும் வரையோ, சுமார் 10 ஆண்டு வேலைக் கணக்கு சேரும் வரையோ அந்தப் பொறுப்பு தொடரும். இடையில் நீங்கள் வருமான அடிப்படையிலான உதவி வாங்கினால், அந்தப் பணத்தை உங்கள் பிள்ளையிடம் திருப்பிக் கேட்கவும் சட்டம் இடம் தருகிறது.

உண்மையில் யோசிக்க வேண்டியது மருத்துவச் செலவுதான். 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி, புதிதாகக் கிரீன் கார்டு பெற்றவருக்கு வருமான அடிப்படையிலான மத்திய அரசு உதவிகள் பெரும்பாலும் முதல் 5 ஆண்டுகளுக்குக் கிடையாது. சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் அங்கே இறங்கும் நாளிலிருந்தே தனியார் காப்பீட்டுக்கு ஏற்பாடு செய்துகொண்டு கிளம்புவது நல்லது.

நீங்கள் செய்ய வேண்டியவை

• தூதரக நேர்காணலில் எதைக் கேட்டாலும் உண்மையையே சொல்லுங்கள். தப்பான தகவல் கொடுத்தால் அதுவே விசா மறுக்கக் காரணமாகிவிடும்.

• பிள்ளையின் வருமான வரி ஆவணம், சம்பளச் சான்று, உங்கள் சேமிப்பு, சொத்து விவரம் எல்லாவற்றையும் தயாராக வையுங்கள்.

• நிரந்தரமாகக் குடியேறினால், பொது விநியோகத் திட்ட இணையதளத்தில் குடும்ப அட்டையிலிருந்து உங்கள் பெயரை நீக்க விண்ணப்பியுங்கள். மொபைலிலேயே செய்யலாம்.

• 2022 விதியை நீக்கும் முன்மொழிவை அமெரிக்க அரசு 2025 நவம்பரில் வெளியிட்டது. ஆகவே விண்ணப்பிக்கும் முன் யூ.எஸ்.சி.ஐ.எஸ். இணையதளத்தில் அன்றைய நிலையைப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வரும் தகவலை நம்பி, தகுதியுள்ள எந்த உதவியையும் நீங்களாக விட்டுவிடாதீர்கள்.